சுழலும் அறை

படுக்கையில் ஒருக்களித்த கணத்தில் அறையே சுழலும் அந்த நோயை 1921இல் விவரித்தவர் ராபர்ட் பாரனி. உட்செவி ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதியாக இருந்தார் என்பது தனிக்கதை.

உட்செவியின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுவதே காரணம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர மருத்துவர் ஜான் எப்லி, நோயாளியைப் படுக்க வைத்துத் தலையைச் சில கோணங்களில் திருப்பியே அவற்றை வெளியேற்றினார். கத்தியில்லை, மாத்திரையில்லை, சில நிமிடங்களே போதும். சக மருத்துவர்கள் நம்பவில்லை. இத்தனை எளிதாயிருந்ததுதான் அவர் செய்த குற்றமோ? அவரது கட்டுரை 1992இல்தான் அச்சேறியது. அதுவரை பலர் மாத்திரைகளோடு காலம் தள்ளினார்கள். வேறு வழியற்ற சிலருக்கு உட்செவி நரம்பையே வெட்டினார்கள்.