தமிழில் யூத சமயக் கலைச்சொற்கள்: வந்த வழியும் பொருள் மாற்றமும்

முன்னுரை

மலாக்கா மாநிலத்துப் புக்கிட் பெருவாங் வட்டாரத்தில் வளரும் தமிழ் மாணவர் ஒருவர், வாரத்தின் ஒரு நாளை வீட்டில் ‘சனி’ என்றும் வெளியில் ‘சப்து’ என்றும் வழங்குகிறார். முன்னது கோளின் பெயர். பின்னது அரபு மொழியிலிருந்து மலாய்க்கு வந்தது. எபிரேயத்தின் ‘ஷபாத்’ என்னும் சொல்லோடு ஒரே வேரினது. மலாய் நாட்பெயர்களுள் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான ஐந்தும் எண்ணடியாகப் பிறந்தவை. வெள்ளியும் சனியும் மட்டுமே வேறு பொருளின. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியரின் மொழியிலும் திங்கள் முதல் வெள்ளி வரை எண்ணுப்பெயர்களே. சனிக்கிழமையோ ‘சாபதோ’ எனப்படும். ஆக, ஒரே யூதச் சமயக் கருத்து இரு வேறு வழிகளில் மலாக்காவை வந்தடைந்துள்ளது.

தமிழுக்கு இச்சமயத்தின் சொற்கள் எவ்வழிகளில் வந்தன? அவை யூதர் கருதும் பொருளை எந்த அளவுக்கு உணர்த்துகின்றன? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நம் வகுப்பறைகளில் ‘யூதர்’ என்னும் சொல் பெரும்பாலும் அன்றாட அரசியற் செய்திகளின் வழியாகவே அறிமுகமாகிறது. ஒரு சமயத்தைப் பற்றிக் கருத்துரைக்கும் முன் அதன் சொற்களை அறிதல் ஆசிரியர்க்குக் கடனாகும்.

வணிகவழித் தொடர்பு

தமிழுக்கும் எபிரேயத்துக்கும் இடையிலான உறவைப் பேசுவோர் முதலில் காட்டுவது மயிலைத்தான். விவிலியத்தின் அரசர் வரலாற்றில் சாலமோன் காலத்துக் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் ஒன்றாகக் குறிக்கப்பெறும் ‘துக்கி’ என்னும் சொல் தமிழின் ‘தோகை’யிலிருந்து வந்தது என்பர். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதனை எடுத்துரைத்தார். இக்கருத்தை அறிஞர் அனைவரும் ஏற்றிலர். ஆகவே, இதனைச் சான்றாகக் கொள்வதினும் கருதுகோளாகக் கொள்வதே முறை.

இதனினும் உறுதியான சான்றுகள் செப்பேடுகளில் உள்ளன. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சியர் சிலர் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டுள்ளனர். கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் வழங்கிய செப்பேடு, யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளிக்கிறது. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் முதலியன அவ்வுரிமைகளுட் சில. இச்செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. உரிமையைக் குறிக்க அதில் ஆளப்படும் சொல் ‘வீடுபேறு’ என்பதாகும். இன்று முத்தியைக் குறிக்கும் அச்சொல் அங்கு ஆட்சியாளர் விட்டுக்கொடுத்த பேற்றைக் குறித்தது.

‘அஞ்சுவண்ணம்’ யூதரை மட்டுமே குறித்தது என முன்னையோர் கருதினர். கூட்டம் எனப் பொருள்படும் ‘அஞ்சுமன்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபே அது என்பதும், மேற்காசிய வணிகர் பல சமயத்தாரும் அதில் இடம்பெற்றனர் என்பதும் பின்னை ஆய்வுகளால் தெளிவாயின. இச்சான்றுகள் யூதரின் வணிகத் தகுதியையும் சமூக மதிப்பையும் காட்டுகின்றன. அவர்தம் வழிபாட்டையும் கோட்பாட்டையும் குறிக்கும் சொற்களைத் தரவில்லை.

மொழிபெயர்ப்புவழிச் சொற்கள்

அச்சொற்கள் பிற சமயத்தாரின் வழியாகவே தமிழுக்கு வந்தன. இசுலாமியர் வழக்கில் ‘யகூதி’, ‘தவ்ராத்’ என்பன அரபுவழி நிலைபெற்றன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கிய விவிலியப் பெயர்ப்புப் பணியும் அதன்பின் வந்த பெயர்ப்புகளும் கிறித்தவ வழக்கை உருவாக்கின. இவ்விரண்டாம் வழியின் சொற்களுள் நான்கினை இங்கு நோக்குவோம்.

முதலாவது, ‘பழைய ஏற்பாடு’. புதியதொன்றை ஏற்றவரே முன்னையதைப் பழையது என்பர். யூதர் தம் மறையைத் ‘தனாக்’ என்பர். தோரா, நெவீம் (இறைவாக்கினர்), கெத்துவீம் (எழுத்துகள்) என்னும் முப்பகுதிகளின் முதலெழுத்துகளால் ஆன பெயர் இது. சீர்திருத்தக் கிறித்தவர் முப்பத்தொன்பதாக எண்ணும் நூல்களை அவர்கள் இருபத்து நான்காக எண்ணுவர். வரிசையும் வேறு. கிறித்தவப் பழைய ஏற்பாடு மல்கியாவில் முடிய, தனாக் நாளாகமத்தில் முடிகிறது.

இரண்டாவது, ‘நியாயப்பிரமாணம்’. இது தோராவுக்கு ஈடாக வழங்குவது. தோரா என்பதன் அடிப்பொருள் போதனை, வழிகாட்டல் என்பதாகும். பழைய கிரேக்கப் பெயர்ப்பு இதனைச் சட்டம் எனப் பொருள்படும் ‘நோமொஸ்’ என்று பெயர்த்தது. தமிழும் அவ்வழியே சென்றது. எனினும், அதே தமிழ் விவிலியம் தோராவின் ஐந்து நூல்களுக்கும் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் எனப் பெயரிட்டுள்ளது. நாளாகமத்துக்கும் இவ்வீறு உண்டு என்பதால் இது தோராவுக்கே உரிய வழக்கன்று. ஆயினும், இறைவனிடமிருந்து வந்ததும் வழிபாட்டு முறையை வகுப்பதுமான நூலைச் சைவர் ஆகமம் என்பர். எனவே, பொதுப்பெயரினும் நூற்பெயர்களே மூலத்துக்கு நெருங்கி நிற்கின்றன எனலாம். 1995இல் வெளிவந்த பொதுப் பெயர்ப்பான திருவிவிலியம் ‘திருச்சட்டம்’, ‘தொடக்கநூல்’ முதலிய எளிய தமிழ்ச் சொற்களை மேற்கொண்டது; அதில் ஆகமம் மறைந்தது, சட்டம் நிலைத்தது.

மூன்றாவது, ‘ஓய்வுநாள்’. இன்றைய வழக்கில் ஓய்வு என்பது இளைப்பாறுதல். ஷபாத்தின் வேர்ப்பொருளோ நிறுத்தம் என்பதாகும். வெள்ளிக்கிழமைக் கதிரவன் மறைவில் தொடங்கும் இந்நாளில் விலக்கத்தக்க வினைகளை முப்பத்தொன்பது வகையாக, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா வகுக்கிறது. ஆயினும் நாம் இச்சொல்லைக் குறைகூற வேண்டியதில்லை. ‘மழை ஓய்ந்தது’ என்னும்போது மழை இளைப்பாறியது என நாம் பொருள் கொள்வதில்லை. நின்றது என்றே கொள்கிறோம். சொல் சரியானதே, அதன் முதற்பொருளை மாணவர்க்கு நினைவூட்டுதலே வேண்டும்.

நான்காவது, ‘ஜெப ஆலயம்’. எபிரேயத்தில் இதற்குப் ‘பேத் கெனெசெத்’ என்று பெயர். கூடும் இல்லம் என்பது பொருள். யூதர்க்கு ஆலயம் எருசலேமில் இருந்த ஒன்றே. கி.பி. 70இல் உரோமர் அதனை அழித்தனர். அதன்பின் பலியின் இடத்தைத் தொழுகையும் மறைகற்றலும் பெற்றன. குருவின் இடத்தில் ஆசானாகிய ரபி தலைமை பெற்றார். ‘ஆலயம்’ என்னும் சொல்லால் இப்பெருமாற்றம் மறைந்துபோகிறது. நடத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த ‘ஹலாகா’ என்னும் ஒழுகலாற்று நெறி இக்கற்றலின் விளைவே. ‘நட’ என்பதிலிருந்து ‘நடத்தை’யைப் பெற்ற தமிழர்க்கு இச்சொல்லாக்கம் அயலானதன்று.

பள்ளி என்னும் சொல்

‘ஜெப ஆலயம்’ என்பதற்கு மாற்றாகப் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை. கேரள யூதர் தம் தொழுமிடத்தைப் ‘பள்ளி’ என்றே வழங்கினர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசிப் பள்ளி இன்றும் உள்ளது. தமிழில் இச்சொல் சமண பௌத்த உறைவிடங்களையும், பள்ளிவாசலையும், கல்விக்கூடத்தையும் ஒருங்கே குறித்து வந்துள்ளது. ஐரோப்பிய யூதரின் இத்திஷ் மொழியிலும் தொழுமிடத்துக்குப் பள்ளிக்கூடம் எனப் பொருள்படும் ‘ஷூல்’ என்பதே பெயர். இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே கற்றலையும் தொழுதலையும் ஒரு கூரையின்கீழ் வைத்துள்ளன.

முடிவுரை

வணிகவழிச் சான்றுகள் யூதரை அண்டை வாழ்ந்த மக்களாகக் காட்டின. மொழிபெயர்ப்புவழிச் சொற்கள் அவர்தம் சமயத்தைப் பிறிதொரு சமயத்தின் முன்னுரையாகக் காட்டின. இவ்விரண்டாம் பார்வை தவறென்பது நம் கருத்தன்று. கிறித்தவர்க்கு அஃது உரியதே. அதனையே பொதுக் கல்விக்கும் அளவுகோலாக்குதல்தான் பொருந்தாது. தனாக், தோரா, ஹலாகா என்பவற்றை அவ்வாறே எழுதி விளக்கம் தருதலும், ஓய்வுநாளை அதன் முதற்பொருளோடு பயிற்றலும், தொழுமிடத்தைப் பள்ளி எனலும் தக்கன என இக்கட்டுரை முன்மொழிகிறது.

ஆலயம் அழிந்த பின்னும் பள்ளியைப் பற்றி நின்றதால் ஒரு சமயம் நிலைத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடம்பெயர்வதைக் கண்ட மலாக்காத் தமிழாசிரியர்க்கு, இவ்வரலாற்றின் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.