வலைப்பதிவு அடைப்பலகையும் தமிழ் எழுத்தும்: பாணித்தாள் திருத்தங்களின் வரலாறு (2003–2012)

ஆய்வுச் சுருக்கம்

இலவசச் சேவைகள் வழங்கிய வலைப்பதிவுகளின் தோற்றத்தைப் பதிவர்கள் தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டது அழகுணர்ச்சி சார்ந்த செயலாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. தமிழ் வலைப்பதிவுகளைப் பொறுத்தவரை அச்செயலின் முதல் நோக்கம் அழகன்று. எழுத்து படிக்கத்தக்கதாக அமைய வேண்டும் என்பதே. உரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு வரையப்பட்ட அடைப்பலகைகளில் தமிழ் எவ்வெவ்விடங்களில் இடறியது, பதிவர்கள் எவ்விதிகளைச் சேர்த்தும் நீக்கியும் அதனைச் சீர்செய்தனர், அத்திருத்தங்கள் எவ்வாறு மறைந்தன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வலைப்பதிவு, அடைப்பலகை, பாணித்தாள், இயங்கு எழுத்துரு, ஒருங்குறி, தேனீ, மினிமா.

1. முன்னுரை

தமிழ் எழுத்தின் வடிவ வரலாற்றை எழுதுவோர் கல்வெட்டு, ஓலை, அச்சு, தட்டச்சு, கணினி என்னும் வரிசையில் அதனை விளக்குவர். ஓலையில் பெரும்பாலும் இடப்படாத புள்ளி அச்சில் நிலைபெற்றதும், 1978இல் தமிழ்நாடு அரசின் ஆணையால் சில உயிர்மெய் வடிவங்கள் சீரமைக்கப்பட்டதும் அவ்வரலாற்றில் உரிய இடம் பெற்றுள்ளன. கணினிக் காலத்தைப் பற்றிய ஆய்வுகளோ பெரும்பாலும் குறியீட்டு முறை, விசைப்பலகை ஆகிய இரண்டோடு நின்றுவிடுகின்றன. குறியேற்றப்பட்ட எழுத்து திரையில் எந்த அளவில், எந்த இடைவெளியில், எவ்வடிவில் வாசகர் கண்முன் நின்றது என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை. 2003ஆம் ஆண்டு முதல் பெருகத் தொடங்கிய தமிழ் வலைப்பதிவுகள் இவ்வினாவிற்குச் சிறந்த களமாகும். அங்கு எழுதியவரே பதிப்பாளர்; அச்சுக்கோப்பவரும் அவரே.

2. பாணித்தாளும் அடைப்பலகையும்

ஒரு பக்கத்தின் உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்துவைப்பது சி.எஸ்.எஸ். எனப்படும் அடுக்குப் பாணித்தாளின் அடிப்படைக் கருத்தாகும். ஹோகோன் வியூம் லீ 1994 அக்டோபரில் இதற்கான முன்மொழிவை வெளியிட்டார். பெர்ட் பாஸ் அவருடன் இணைந்து உருவாக்கிய முதல் நிலை விதிகள் 1996 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயின. இரண்டாம் நிலை 1998 மே மாதத்தில் வெளிவந்தது. பக்கத்தை எழுதியவரின் விதியும், வாசகரின் விதியும், உலாவியின் இயல்பு விதியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுதித் தோற்றம் அமைவதால் அது 'அடுக்கு' எனப்பட்டது.

1999இல் பைரா லேப்ஸ் நிறுவனம் தொடங்கிய பிளாக்கர் சேவையை 2003இல் கூகுள் வாங்கியது. தமிழ்ப் பதிவர் பலரின் தொடக்க இடம் இதுவே. பதிவரின் இடுகைகள் வந்து பொருந்துவதற்கான சட்டகத்தைப் பதிவர்கள் 'அடைப்பலகை' என்றும் 'வார்ப்புரு' என்றும் அழைத்தனர். அக்காலத்தில் அடைப்பலகை முழுவதும் ஒரே திருத்துப் பெட்டியில் எழுத்தாகத் திறக்கும். அதன் மேற்பகுதியில் பாணித்தாளும் கீழ்ப்பகுதியில் பக்கக் கட்டமைப்பும் இருக்கும். ஒரு வண்ணத்தை மாற்றினாலும் பதிவு முழுவதையும் மீண்டும் வெளியிட வேண்டும். அதன் பின்னரே பழைய பக்கங்களில் மாற்றம் தோன்றும். நிரலாக்கம் பயிலாதவர்களும் பிறர் பதிவில் படித்த குறிப்பைப் பார்த்து, அடைப்பலகையின் நகலைத் தனியே சேமித்துவிட்டு, இப்பெட்டியில் கைவைத்தனர்.

3. எழுத்துருவைத் தேடி: தேனீ

தமிழ் 1991இல் ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது. எனினும் பயனர் கணினியில் அதற்கான எழுத்துரு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் 2000இலும் அதன்பின் வந்த எக்ஸ்பியிலும் 'லதா' எழுத்துரு உடன் வந்தது. விண்டோஸ் 98 பயன்படுத்தியவர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. உலாவி மையங்களில் அமர்ந்து படித்தவர்களால் பிறருடைய கணினியில் எழுத்துருவை நிறுவவும் இயலவில்லை. அவர்கள் கண்டவை வெற்றுக் கட்டங்களே.

இதற்கான தீர்வு பாணித்தாளில் இருந்தது. எழுத்துருவின் பெயர், அதன் கோப்பு இருக்கும் முகவரி ஆகிய இரண்டையும் ஒரு விதியாக எழுதினால், உலாவி அக்கோப்பைத் தானே இறக்கிக்கொள்ளும். சி.எஸ்.எஸ். இரண்டாம் நிலை இதற்கு இடமளித்தது. மைக்ரோசாஃப்ட் தன் 'வெஃப்ட்' கருவியால் உருவாக்கப்படும் தனிக்கோப்பு வடிவத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஏற்கச் செய்திருந்தது. தமிழில் இது 'இயங்கு எழுத்துரு' எனப்பட்டது.

அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி (1953–2006) உருவாக்கிய தேனீ ஒருங்குறி எழுத்துருவும் அதன் இயங்கு வடிவமும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. அவர் அதனை எவரும் பயன்படுத்துமாறு அளித்தார். பதிவர்கள் சில வரிகளைத் தம் அடைப்பலகையில் ஒட்டினர். எழுத்துருப் பட்டியலில் தேனீயின் பெயரைச் சேர்த்தனர். அதன்பின் தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும் அப்பதிவு தமிழாகத் தெரிந்தது.

ஒட்டப்பட்ட அவ்வரிகள் ஒரு சமூக ஏற்பாட்டையும் குறித்தன. பிளாக்கர் எழுத்துருக் கோப்புகளை ஏற்றிவைக்க இடமளிக்கவில்லை. எனவே கோப்பு வேறொருவரின் வழங்கியில் இருக்கும். இடுகை கூகுளின் வழங்கியில் இருக்கும். இரண்டையும் இணைத்தது பாணித்தாளின் ஒரு முகவரி மட்டுமே. அம்முகவரி செயலற்றுப்போனால் பதிவும் படிக்க முடியாததாகும். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்கள் மூடப்பட்டபோது அவற்றில் வைக்கப்பட்டிருந்த கோப்புகளை நோக்கிய இணைப்புகள் யாவும் பொருளிழந்தன.

4. மினிமா அடைப்பலகையில் தமிழ்

2004 மே மாதத்தில் பிளாக்கர் புதுப்பொலிவு பெற்றபோது டக்ளஸ் போமன் முதலிய வடிவமைப்பாளர்கள் வரைந்த அடைப்பலகைகள் அறிமுகமாயின. அவற்றுள் போமனின் 'மினிமா' எளிமைக்குப் பெயர்பெற்றது. அதன் விதிகளைத் தமிழ் நோக்கில் படித்தால், ஓர் எழுத்துமுறைக்கு உரிய மரபு எவ்வாறு பொதுமரபாகக் கொள்ளப்பட்டது என்பது விளங்கும்.

பக்கப்பட்டைத் தலைப்புகளுக்கு மினிமா நான்கு விதிகளை வகுத்தது: எழுத்தளவு 78 விழுக்காடு, எல்லாம் பேரெழுத்து, எழுத்துகளுக்கிடையே எழுத்தளவில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி, வண்ணம் சாம்பல். ஆங்கிலத்தில் இந்நான்கும் ஒன்றையொன்று தாங்குவன. அளவு சிறுத்தாலும் பேரெழுத்தின் உயரமும் இடைவெளியும் தலைப்பைத் தலைப்பாகக் காட்டும். தமிழில் பேரெழுத்து இல்லை. ஆகவே இரண்டாம் விதி பயனற்றுப்போக, மற்ற மூன்றும் தலைப்பை உடற்பகுதியைவிடச் சிறியதாகவும் மங்கலானதாகவும் ஆக்கின. புள்ளி கண்ணுக்குப் புலப்படாத அளவிற்கு எழுத்து சுருங்கியது.

இடைவெளி விதி இன்னும் கேடு செய்தது. 'தொ' என்பது வாசகருக்கு ஓரெழுத்து. திரையில் கொம்பு, தகரம், கால் என மூன்று வடிவங்கள். ஒவ்வொரு வடிவத்தின் பின்னும் இடைவெளி விழுந்தால் ஓரெழுத்து மூன்றெழுத்தாகப் பிளந்து நிற்கும். எனவே இவ்விதியை நீக்குவதும் எழுத்தளவை உயர்த்துவதும் தமிழ்ப் பதிவர் செய்யவேண்டிய முதற்பணிகளாயின.

எழுத்துருப் பட்டியலும் இவ்வாறே. மினிமா ஜார்ஜியாவை முன்னிறுத்தியது. ஜார்ஜியாவில் தமிழ் எழுத்துகள் இல்லாமையால் உலாவி அவற்றை வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொண்டது. எண்களையோ ஜார்ஜியாவிலிருந்தே எடுத்தது. அவ்வெழுத்துருவின் எண்கள் சில அடிக்கோட்டிற்குக் கீழே இறங்குவன. அதனால் ஒரே வரியில் தமிழ்ச்சொல்லும் ஆண்டெண்ணும் ஒட்டாமல் நின்றன. லதா, டி.எஸ்.சி.யு. பரணர், தேனீ போன்றவற்றைப் பட்டியலின் தொடக்கத்தில் வைப்பதே இதற்கு மாற்று.

தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் மற்றொரு சிக்கல். தடித்த வடிவம் தனியே வரையப்படாத எழுத்துருவில் உலாவி செயற்கையாகத் தடிமன் ஏற்றும். அப்போது ண, ஞ, ழ முதலியவற்றின் உள்வெளி அடைபடும். மேற்கோளுக்குச் சாய்வு என்னும் ஐரோப்பிய மரபும் தமிழ் அச்சில் வேரூன்றியதன்று. மேற்கோளைப் பின்னணி வண்ணத்தாலோ ஓரக்கோட்டாலோ வேறுபடுத்துவது தமிழுக்கு மேலும் பொருந்தும் வழியாக இருந்தது.

5. ஓரச்சீர்மையும் எழுத்துச் சிதைவும்

நூற்பக்கம் போல் இருபுறமும் ஓரம் சீராக அமைய வேண்டும் என்னும் விருப்பம் பதிவர்களிடம் இருந்தது. அதற்குப் பாணித்தாளில் ஒரே சொல் போதும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அது நன்றாகவே தெரிந்தது. 2004 நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸில், அவ்விதி உள்ள தமிழ்ப் பத்திகள் சிதறின. ஒருங்குறியில் 'கெ' என்பதன் வரிசை முதலில் ககரம், அடுத்துக் கொம்பு. திரையில் கொம்பு முன்னே வரவேண்டும். ஓரச்சீர்மைக்காக இடங்களைக் கணக்கிடும்போது அவ்வுலாவி எழுத்துகளைத் தனித்தனியாக வரைந்ததால் இம்முன்பின் மாற்றம் நிகழவில்லை.

இச்சிக்கல் எழுதியவரின் திரையில் தோன்றாமல் வாசகரின் திரையில் மட்டும் தோன்றுவது. வேறு உலாவி கொண்ட வாசகர் மறுமொழியில் குறிப்பிட்டாலன்றிப் பதிவருக்குத் தெரியாது. 'ஓரச்சீர்மை வேண்டா, இடப்புறச் சீர்மை போதும்' என்னும் அறிவுரை பதிவரிடையே பரவியதற்குக் காரணம் இதுவே. 2008 ஜூனில் வெளியான மூன்றாம் பதிப்பில்தான் ஃபயர்ஃபாக்ஸ் இக்குறையைக் களைந்தது.

தமிழ்ச் சொற்களின் நீளமும் அடைப்பலகையைச் சோதித்தது. புதிய மினிமாவின் மொத்த அகலம் 660 படப்புள்ளி, இடுகைப் பகுதி 410, பக்கப்பட்டை 220. உருபும் சாரியையும் சேர்ந்து நீளும் தமிழ்ச்சொல் குறுகிய பட்டையில் அடங்காதபோது, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 அப்பெட்டியை விரித்துப் பக்கப்பட்டையையே பக்கத்தின் அடிக்குத் தள்ளிவிடும். நீண்ட சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பும் விதி புதிய மினிமாவில் இக்காரணத்திற்காகவே இடம்பெற்றது. பழைய அடைப்பலகையில் இருந்தவர்கள் அகல எண்களைத் தாமே மாற்றவேண்டியிருந்தது.

6. வாடகை வீட்டின் எல்லைகள்

காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, பதிவுகளை ஓரிடத்தில் காட்டியது. அதன் பதிவுப்பட்டையைப் பெறவும் அடைப்பலகையில் நிரல்வரிகளை ஒட்டவேண்டியிருந்தது. இவ்வாறு எழுத்துரு, அளவு, பட்டை என அடுக்கடுக்காகத் திருத்தங்கள் சேர்ந்த நிலையில், 2006இல் பிளாக்கர் புதிய அடைப்பலகை முறையைக் கொணர்ந்தது. இழுத்துப்பொருத்தும் வசதி வந்தது. ஆனால் புதிய முறைக்கு மாறும்போது பழைய திருத்தங்கள் தாமே உடன்வரவில்லை. சேமித்து வைத்தவர் மீண்டும் ஒட்டினர், சேமிக்காதவர் இழந்தனர்.

2005இல் தொடங்கிய வேர்ட்பிரஸ்.காம் வேறொரு நெறியை வகுத்தது. அங்கு அடைப்பலகையின் கட்டமைப்பை அக்காலத்தில் தொடவியலவில்லை. பாணித்தாளை மாற்றக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆங்கிலப் பதிவருக்கு இது அழகுக்கான கட்டணம். எழுத்து சிறுத்தோ இடைவெளி விழுந்தோ தெரியும் அடைப்பலகையில் சிக்கிய தமிழ்ப் பதிவருக்கோ படிக்கத்தக்க எழுத்துக்கான கட்டணம். ஒரே விதி இரு மொழிகளில் இருவேறு விளைவைத் தந்தது.

7. கைபேசித் திரை

பாணித்தாளின் ஆட்சி எல்லையைக் கைபேசி வெளிப்படுத்தியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள திருப்பெரும்புதூர்த் தொழிற்பகுதி இக்காலத்தில் உலகச் சந்தைக்கான கைபேசிகளை உருவாக்கும் களமாயிற்று. நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை அங்கு இயங்கியது. எனினும் அக்காலத்துக் கைபேசிகள் பலவற்றின் உலாவிகளில் தமிழ்ப் பதிவுகள் கட்டங்களாகவே தெரிந்தன. ஓபரா மினி உலாவி, சிக்கலான எழுத்துகளைத் தன் வழங்கியிலேயே படமாக வரைந்து அனுப்பும் தெரிவை அளித்தது. அத்தெரிவை இயக்கியவர்கள் கைபேசியில் தமிழைப் படித்தனர். ஆனால் எழுத்துரு எது என்பதை முடிவுசெய்தது தொலைவிலிருந்த வழங்கி. பதிவர் அரிதின் முயன்று அடுக்கிய எழுத்துருப் பட்டியல் அங்குப் பயன்படவில்லை. கைபேசி செய்யப்பட்ட ஊரின் எழுத்தும் அக்கைபேசிக்குள் இவ்வாறு சுற்றுவழியிலேயே நுழைய வேண்டியிருந்தது.

8. முடிவுரை

2010இல் பிளாக்கர் அடைப்பலகை வடிவமைப்பியை வழங்கியபோது, பாணித்தாள் விதிகளைத் தனியே சேர்க்க ஒரு பெட்டி கிடைத்தது. 2012 டிசம்பரில் வோஃப் என்னும் பொது எழுத்துருக் கோப்புவடிவம் வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையானது. ஓர் உலாவிக்குள் மட்டும் இயங்கிய தேனீயின் வழி, எல்லா உலாவிக்கும் உரிய பொதுவழியாயிற்று. எழுத்திடை இடைவெளியைக் குறியீட்டுப் புள்ளிகளுக்கிடையே அன்றி, வாசகர் ஓரெழுத்தாகக் கொள்ளும் அலகுகளுக்கிடையே இடவேண்டும் என்பதையும் இன்றைய பாணித்தாள் நெறிமுறை கூறுகிறது.

இதனால் பெறப்படும் முடிவு ஒன்று: பதிவர் நீக்கிய ஒவ்வொரு விதியும், உரோமன் எழுத்தின் இயல்பு எல்லா எழுத்திற்கும் இயல்பெனக் கொள்ளப்பட்ட ஓரிடத்தைச் சுட்டுகிறது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு அரசாணை சான்றாக உள்ளது. வலைப்பதிவர் செய்த சீர்திருத்தத்திற்கு அடைப்பலகைகளே சான்று. அவை மேலெழுதப்பட்டு மறைந்து வருகின்றன. இடுகைகளின் உரையை மட்டும் நூலாகவோ கோப்பாகவோ தொகுப்பவர்கள் இச்சான்றை இழக்கின்றனர். பழைய தமிழ் வலைப்பதிவுகளை ஆவணப்படுத்தும் முயற்சிகள் உரையோடு அடைப்பலகையையும் பாணித்தாளையும் எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் காக்க வேண்டும். ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் ஓலையின் அளவையும் எழுத்தமைதியையும் குறித்துவைப்பதற்கு நிகரான பணி இது.