ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கதையும் நடுவட்டத்துப் பட்டையும்

சென்ற மாதம் மைசூருவில் நண்பர் ஒருவரின் வீட்டில் மாலைப் பொழுதொன்றைக் கழித்தேன். அவர் வேதியியல் படித்தவர். மது கலப்பதிலும் அந்த ஒழுங்கைக் கைவிடாதவர். 45 மில்லி பர்பன் விஸ்கி, 30 மில்லி காம்பாரி, 30 மில்லி இனிப்பு வெர்மூத் என அளந்து ஊற்றி, பனிக்கட்டியோடு அரை நிமிடம் கலக்கி வடித்து, ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்து நீட்டினார். புலவார்தியே என்பது அதன் பெயர். பாரிஸில் அதே பெயரில் இதழ் நடத்திய அமெரிக்கர் எர்ஸ்கின் குவின் அருந்திய கலவை இது. ஹாரி மெக்எல்ஹோனின் 1927ஆம் ஆண்டு நூலில் அச்சேறியது. அந்நூலில் மூன்றும் சம அளவே. சம அளவில் கலந்தால் காம்பாரியின் கசப்பு மேலோங்கி, மக்காச்சோளமும் கருக்கிய ஓக் பீப்பாயும் பர்பனுக்குத் தரும் இனிமை அடங்கிவிடுகிறது; ஆகவே தாம் விஸ்கியை ஒன்றரைப் பங்காக்குவதாக நண்பர் விளக்கினார்.

பிறகுதான் அந்தக் கதை வந்தது. “மதுவில் கசப்பையும் இனிப்பையும் சேர்க்கும் கலை பிறந்த இடம் இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான், தெரியுமோ? 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய வெள்ளைப் பட்டாளத்தைக் காய்ச்சல் வாட்டியது. கொயினா கலந்த கசப்பு நீரைக் குடிக்க முடியாமல் அதிகாரிகள் சர்க்கரையும் ஜின்னும் சேர்த்தார்கள். ஜின் டானிக் பிறந்தது.”

மைசூரு வட்டாரத்தில் இதைக் கேட்காதவர் குறைவு. சுற்றுலா வழிகாட்டிகள் சொல்கிறார்கள்; ஆண்டுக்கு இருமுறையாவது நம் முகநூல் பக்கங்களிலும் தலைகாட்டுகிறது. கதையின் பாதி உண்மை என்பதுதான் அதன் பலம். 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. கம்பெனிப் படை அங்கே நிலைகொண்டது. காவிரி சூழ்ந்த அத்தீவின் காய்ச்சல் படையினரைப் பலிகொண்டது. 1809இல் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இவற்றில் ஐயமில்லை.

மீதிப் பாதியைக் காலவரிசை அனுமதிக்கவில்லை. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பெல்தியேவும் கவாந்துவும் பாரிஸில் பிரித்தெடுத்த ஆண்டு 1820. அதற்கு முன் கிடைத்தது தென்னமெரிக்காவிலிருந்து வந்த பட்டைத் தூள் மட்டுமே. அதை ஒயினில் கலந்து குடிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ராபர்ட் டால்பர் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கே அப்படிக் கொடுத்துப் புகழ்பெற்றார். எனவே 1800இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து அதிகாரி ஒருவர் பட்டைத் தூளை மதுவில் கலக்கிக் குடித்திருக்கலாம். ஆனால் மதராஸ் படையின் ஐரோப்பியச் சிப்பாய்க்கு அளந்து ஊற்றப்பட்ட மது சாராயம், ஜின் அன்று. டானிக் நீரோ பிறக்கவே இல்லை. கொயினா சேர்த்த காற்றேற்றிய நீருக்கு லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் காப்புரிமை பெற்றது 1858இல். ஷ்வெப்ஸ் தனது இந்திய டானிக்கை விற்கத் தொடங்கியது 1870களில். கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த கிம் வாக்கரும் மார்க் நெஸ்பிட்டும் தேடிக் கண்ட மிகப் பழைய ஜின் டானிக் குறிப்பு, 1868ஆம் ஆண்டு ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகசின் இதழில் உள்ளது. அங்கே அதைக் கேட்பவர்கள் காய்ச்சல்காரர்கள் அல்லர்; குதிரைப் பந்தயம் பார்த்துக் களைத்தவர்கள்.

அளவுக் கணக்கும் கதைக்கு எதிராகவே நிற்கிறது. இன்றைய அமெரிக்க விதிப்படி டானிக் நீரில் கொயினா லிட்டருக்கு 83 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மலேரியாவுக்கு ஒரு நாளில் கொடுக்கும் மருந்தளவு ஏறத்தாழ 1,800 மில்லிகிராம். அதை டானிக்கிலிருந்தே பெறவேண்டுமானால் இருபது லிட்டருக்கும் மேல் குடிக்கவேண்டும். பழைய டானிக் சற்றுக் காரமாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், குணப்படுத்தும் அளவை மாலைநேரக் குவளைக்குள் அடைப்பது எளிதன்று.

பிரெஞ்சுக்காரர்களிடமும் இதே வார்ப்பில் ஒரு கதை உண்டு. 1846இல் பிறந்த துபொன்னே என்னும் கொயினா ஒயின், வட ஆப்பிரிக்கப் படையினரை மருந்து குடிக்க வைப்பதற்காகவே செய்யப்பட்டதாம். பேரரசுகள் தங்கள் குடிப்பழக்கத்தை மருந்துச் சீட்டாக நினைவுகூர விரும்புகின்றன போலும்.

கதை பொய் என்பதைவிட, அது எதை மறைக்கிறது என்பதே என் கவலை. ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுத் தெற்கே திரும்புங்கள். மைசூரிலிருந்து பந்திப்பூர், கூடலூர் வழியாக உதகைக்கு ஏறும் சாலையில் நடுவட்டம் வருகிறது. தேநீருக்கு வண்டியை நிறுத்துவோம், படம் எடுப்போம், புறப்படுவோம். இப்பகுதியின் கசப்புக்கு மெய்யான வரலாறு அங்கேதான் இருக்கிறது.

கிளமெண்ட்ஸ் மார்க்கம் 1860இல் ஆண்டிஸ் மலைச்சாரலில் திரட்டிய சிங்கோனா, கடல் கடந்து நீலகிரி வந்தது. (காஸ்பரே காம்பாரி தம் செந்நிறக் கசப்பை நொவாராவில் தொடங்கியதும் அதே 1860இல்தான், தற்செயல், வேறொன்றுமில்லை.) உதகைத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களை எழுப்பினார். பட்டையைக் கீற்றாக உரித்துக் காயத்தைப் பாசியால் மூடினால் புதுப் பட்டை வளரும் என்று கண்டவர் அவரே. அங்கே செழித்தது செம்பட்டை இனம். அதில் கசப்புச் சாரங்கள் மிகுதி, கொயினா குறைவு. பிற சாரங்களும் காய்ச்சலைத் தணிக்கும் என்று மதராஸில் நடந்த சோதனைகள் காட்டின. ஆயினும் சந்தை கேட்டது கொயினாவை. சார்லஸ் லெட்ஜர் அனுப்பிய விதைகளை 1865இல் வாங்கிய டச்சுக்காரர்கள், ஜாவாவிலிருந்து உலகச் சந்தையைப் பிடித்தார்கள். அவ்விதைகளைத் தேடித் தந்த மானுவேல் இங்க்ரா மமானி பொலிவியச் சிறையில் அடிபட்டு மாண்டார்.

நடுவட்டத்திலும் ஒரு சிறை இருந்தது. மலாக்கா நீரிணைக் குடியிருப்புகளிலிருந்து மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் இத்தோட்டங்களில் வேலை வாங்கப்பட்டார்கள். விடுதலையான சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து மலையிலேயே தங்கினர். மதராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், 1890களில் அரசு சிங்கோனாத் தோட்டங்களின் நடுவே இத்தகைய சிறு குடியிருப்பொன்றைக் கண்டார். காய்கறியும் காபியும் பயிரிட்டு, பால் விற்று அவர்கள் வாழ்ந்ததை எழுதிய கையோடு மூக்கையும் அளந்து பதிந்தார். தமிழ்ச் சமூக வரலாற்றில் இக்குடும்பங்களைப் பற்றி நாம் எழுதியது மிகச் சொற்பம்.

இனிப்பின் பக்கமும் இப்படித்தான். 1850களில் பிரிட்டனுக்குச் சர்க்கரை அனுப்பிய முக்கிய இடங்களுள் மொரிஷியஸ் ஒன்று. அதன் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோரில் தமிழர் பலர். கசப்பை உரித்தவருக்கும் இனிப்பை வெட்டியவருக்கும் இவ்விரண்டும் சேர்ந்த குவளை எட்டவில்லை. எளிய மக்களைச் சிங்கோனா அடைந்த வடிவம் வேறு: வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்களில் ஒரு பைசாவுக்கு விற்ற தூள் பொட்டலம். அதில் சர்க்கரை இல்லை. மருந்தை விழுங்கிவிட்டு முகம் சுளித்த தலைமுறையின் நினைவு, ‘கொயினாக் கசப்பு’ என்ற வழக்கில் நம் வீடுகளில் இன்னும் மிச்சமிருக்கிறது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் அன்றே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, “அப்படியானால் மைசூருக்குச் சொந்தமான கசப்பும் இனிப்பும் எதுதான்?” என்று கேட்டார். உள்ளிருந்து அவருடைய தாயார் பதில் சொன்னார்: “உகாதிக்குத் தருகிறோமே பேவு பெல்லா, அது போதாதா?” வேப்பம்பூவும் வெல்லமும். அதற்கு ஆண்டு தேடி நான் எந்த ஆவணக் காப்பகத்துக்கும் போகவேண்டியதில்லை. நடுவட்டத்துக்கு மட்டும் அடுத்த மாதம் இருவரும் போவதாக இருக்கிறோம். பழைய சிறைக் கட்டடம் தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டி இன்றும் நிற்கிறது.