தோட்டமும் பனியனும்: திருப்பூர்க் கிணறுகளின் கதை

"தோட்டம்" என்று சொன்னால் சென்னையில் இருப்பவருக்கு வீட்டுக்கு முன்னால் நாலு ரோஜாச் செடி, ஒரு செம்பருத்தி நினைவுக்கு வரும். திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் போனால் அர்த்தமே வேறு! அங்கே நிலம் மூன்று வகை. மழையை மட்டும் நம்புவது காடு. ஆற்று வாய்க்காலும் குளமும் பாய்வது வயல். கிணறு வெட்டி இறைத்துப் பாசனம் செய்வது தோட்டம். குடும்பம் குடியிருப்பதும் பெரும்பாலும் அந்தத் தோட்டத்துச் சாளையில்தான். ஆக, கொங்குநாட்டில் தோட்டம் என்றாலே அதற்குள் ஒரு கிணறு இருக்கிறது.

கிணறு இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் மழை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் திருப்பூருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் கிடைத்தால் பெரிது.

இப்படிப்பட்ட ஊரில் செடி வைப்பவர்களின் கேள்விகள் எல்லாம் மாதத்தை ஒட்டியே இருந்தன. அவரை எப்போது ஊன்றுவது? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பதில் வரும். இது வெறும் பழமொழி இல்லை. நாட்டு அவரை பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். சித்திரையில் ஊன்றினால் கொடி பந்தல் முழுக்கப் படரும், பூவுக்குப் பனிக்காலம் வரை காத்திருக்க வேண்டும். முருங்கையை எப்போது வெட்டிவிடுவது? ஆடிக்காற்று கிளையை முறிப்பதற்குள். மழைக்காலத்தில் மரத்தில் கம்பளிப்பூச்சி அடையாக அப்பிக்கொண்டால்? தீப்பந்தம் காட்டு. குளித்த தண்ணீரை எங்கே விடுவது? வாழைக்கு. இதையெல்லாம் யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. பாட்டி சொன்னாள், பேத்தி செய்தாள்.

தண்ணீரைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. அதற்குக் கவலை பூட்டினார்கள். ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேலே ஏறும். மறுபடி இறங்கும். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதே வேலை! கோயம்புத்தூர் மாவட்டத்தின் கிணறுகளையும் தோட்டக்கால் சாகுபடியையும் பற்றி பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1887-ல் வெளியான மாவட்டக் கையேட்டில் எழுதியிருக்கிறார்.

சரி, இதற்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி என்ற புதிய ரகம் இந்தப் பக்கம் வந்தது. பழைய நாட்டு ரகங்கள் காட்டில் மழைக்கு விளைந்தவை. கம்போடியா பருத்திக்கு நீளமான இழை உண்டு, ஆனால் நன்றாக விளைய இறைவைத் தண்ணீர் வேண்டும். அதாவது தோட்டம் வேண்டும்! கிணறு வைத்திருந்த குடும்பங்கள் அதைப் பயிரிட்டன. 1860-களிலேயே ரயில் பாதை வந்துவிட்ட திருப்பூர், பெரிய பருத்திச் சந்தையாக வளர்ந்தது. பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலைகள் எழுந்தன. 1925-ஐ ஒட்டிப் பின்னலாடைத் தொழில் தலைகாட்டியது. 1932-ல் பைகாரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் மின்சாரம் முதலில் ஆலைகளுக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்று மோட்டார்களுக்கும் வந்தது. கவலை மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. பிற்காலத்தில் தோட்டத்தில் பாடுபட்ட பலர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களில் சிலர் முதலாளிகளாகவும் ஆனார்கள்.

1970-களின் இறுதியில் வெளிநாட்டு ஏற்றுமதி சூடு பிடித்தது. வெள்ளைப் பனியன் போய் கலர் டி-சர்ட் வந்தது. இங்கேதான் கதை திரும்புகிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் நிறைய உப்புப் போட வேண்டும். சாயத்தை நூலுக்குள் தள்ளுவது அந்த உப்பின் வேலை. வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்காது, அலசும் தண்ணீரோடு வெளியே போய்விடும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்கும், கரைந்த உப்பை எடுக்காது. அப்படி வெளியேறிய தண்ணீர் நொய்யலில் கலந்தது. நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்கும் போனது.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992-ல் திறக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. தண்ணீர் திறந்துவிடச் சொல்லிப் போராடுவதுதான் விவசாயிகள் வழக்கம். இங்கே அணைத் தண்ணீரைத் திறக்காதே என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது! விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. அது சரியாக நடக்காததால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரே நேரத்தில் நின்றன. ஏராளமான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் வெளியூர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறையை ஏற்றுக்கொண்ட பிறகே ஆலைகள் படிப்படியாக மீண்டும் ஓடின.

ஆனால் பாறை இடுக்கில் இறங்கிய உப்பு நீதிமன்ற உத்தரவைக் கேட்டு வெளியேறாது. பாதிக்கப்பட்ட ஊர்களில் செடி வைப்பவர்களின் கேள்வியே மாறிப்போனது. முன்பு "எந்த மாசம் ஊன்றுவது?" என்று கேட்டார்கள். பிறகு "எந்தத் தண்ணி ஊத்துவது?" என்று கேட்க வேண்டியதாயிற்று. இலை ஓரம் கருகினால் பூச்சியா, வெயிலா என்று பார்ப்பதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். பீன்ஸ், எலுமிச்சை போன்றவை உப்புக்குச் சீக்கிரம் வாடும். தென்னை ஓரளவு தாங்கும். நன்றாகத் தாங்கும் பயிர்களில் ஒன்று எது தெரியுமா? பருத்தி!

இதில் யார் குற்றவாளி என்று ஒரே விரலை நீட்டுவது சுலபம் இல்லை. பனியன் தொழில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. ஆனால் அந்தத் தொழிலுக்கு முதல் பஞ்சையும் முதல் ஆட்களையும் கொடுத்தது தோட்டம். தோட்டத்துக்கு உயிர் கொடுத்தது கிணறு. அந்தக் கணக்கில் கிணற்றுக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன என்பதுதான் திருப்பூர் வரலாற்றில் இன்னும் நேராகாத பாக்கி. அடுத்த முறை ஒரு டி-சர்ட் வாங்கும்போது அதன் நிறத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நிறம் ஏறுவதற்குப் போட்ட உப்பு எங்கேயோ போயிருக்க வேண்டும் அல்லவா?