நேரிக்: பறிபோன நகருக்கான படையல்

துருக்கியின் நடுப்பகுதியில், போகாஸ்கலே என்ற சிற்றூரை ஒட்டி ஹத்துசாவின் இடிபாடுகள் கிடக்கின்றன. கி.மு. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சிறிய இடைவெளியைத் தவிர, ஹிட்டைட் அரசின் தலைநகர் அதுதான். 1906இல் தொடங்கிய அகழ்வுகளில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைத் துண்டுகள் வெளிவந்தன. 1915இல் செக் அறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி அந்த மொழியை வாசிக்க வழி கண்டார். போர்க் குறிப்புகளும் உடன்படிக்கைகளும் சட்டங்களும் அவற்றில் உண்டு. ஆனால் மிகப் பெரிய தொகுதி திருவிழா நடைமுறைகள்தான்.

அவற்றைத் தொடர்ந்து வாசிப்பது சலிப்பான வேலை. மன்னரும் அரசியும் அமர்வார்கள். பணியாள் கைகழுவ நீர் தருவான், துடைக்கத் துணி நீட்டுவான். ரொட்டி பிட்கப்படும், மது வார்க்கப்படும், பாடகர்கள் பாடுவார்கள். அடுத்த தெய்வத்துக்கும் அதே வரிசை. வசந்தகாலத்துப் பெருவிழா ஒன்று 38 நாட்கள் நீண்டது. அதற்காக மன்னர் ஊர் ஊராகப் பயணம் செய்தார். இலையுதிர் காலத்தில் பெருஞ்சாடியில் தானியம் நிரப்பி மூடிவைப்பதும் ஒரு வழக்கம். வசந்தத்தில் இடி முழங்கியதும் சாடியைத் திறந்து, தானியத்தை அரைத்து, தெய்வத்துக்கு ரொட்டி சுட்டார்கள்.

மன்னரே தலைமைப் பூசகர். பகை நாடுகள் மீது படையெடுக்க முன்னர் அரின்னா நகரின் சூரியத் தேவியின் திருவிழாக்களை நடத்தியதாக இரண்டாம் முர்சிலி தனது ஆண்டுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். அவர் காலத்தில் கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடியபோது, படையல் செய்கிறவர்களே செத்துக்கொண்டிருந்தால் இனி யார் படைப்பது என்று தெய்வங்களிடமே கேட்டார்.

ஆனால் கோயில் இருந்த நகரமே எதிரியிடம் போய்விட்டால்?

வடக்கே, கருங்கடலுக்கு அருகிலிருந்த நேரிக்கில் அதுதான் நடந்தது. புயல் தெய்வத்தின் புனித நகரம் அது. புருல்லி என்ற வசந்த விழாவில் சொல்லப்பட்ட, புயல் தெய்வம் பெரும்பாம்பை வெல்லும் கதை நேரிக் பூசகர் ஒருவரின் வாய்மொழியாகவே பதிவாகியிருக்கிறது. கஸ்கா மக்கள் அந்த நகரைக் கைப்பற்றினார்கள்.

மன்னர் அர்னுவண்டாவும் அரசி அஸ்முனிக்காலும் தெய்வங்களிடம் முறையிட்ட பலகையொன்று கிடைத்திருக்கிறது. இழந்தவற்றின் கணக்கு அது. தெய்வ உருவங்கள் நொறுக்கப்பட்டன. வெள்ளிக் கிண்ணங்களும் பொற்கிண்ணங்களும் வெண்கலப் பொருட்களும் ஆடைகளும் பங்கிடப்பட்டன. பூசகர்கள், இசைஞர்கள், சமையற்காரர்கள், ரொட்டி சுடுவோர், உழவர்கள், தோட்டக்காரர்கள் என ஒவ்வொரு தொழிலாகச் சொல்லி, அவர்கள் அடிமைகளாக்கப்பட்டதைப் பதிகிறார்கள். அந்த நிலங்களில் இப்போது தெய்வங்களின் பெயரைச் சொல்லி அழைக்கவும் ஆளில்லை.

அதன் பின்னரும் படையல் நிற்கவில்லை. நேரிக்குக்கான ரொட்டியும் மாடும் ஆடும் ஹத்துசாவிலிருந்து ஹக்மிஸ் என்ற வேறொரு ஊருக்கு அனுப்பப்பட்டன. வழியில் தாக்குதல் நடக்கக்கூடாது என்பதற்காகக் கஸ்கா தலைவர்களை அழைத்துப் பரிசு கொடுத்து, சத்தியமும் வாங்கினார்கள். அவர்களோ பரிசை வாங்கிக்கொண்டு, திரும்பிப் போனதும் சத்தியத்தை மீறிப் படையலையே பறித்தார்கள் என்று பலகை குற்றஞ்சாட்டுகிறது. கஸ்காக்கள் எழுத்தாக எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் தரப்பு நம்மிடம் இல்லை.

அரசின் கதையை விழாவும் சொன்னது. ஓர் ஊரின் விழாவில் இளைஞர்கள் இரு அணியாகப் பிரிந்து போலிப் போர் புரிவார்கள். ஹத்தி நாட்டவராக நிற்பவர்களுக்கு வெண்கல ஆயுதம். மாசா நாட்டவராக நிற்பவர்களுக்கு நாணல். வெற்றி யாருக்கென்பதில் சந்தேகமே இல்லை!

நேரிக் திரும்பக் கிடைக்கத் தலைமுறைகள் ஆயின. கி.மு. 13ஆம் நூற்றாண்டில், அண்ணன் முவத்தல்லி ஆண்ட காலத்தில் ஹக்மிஸில் அரசராக இருந்த ஹத்துசிலி அதை மீட்டார். ஹந்திலி மன்னரின் நாள் முதல் பாழாய்க் கிடந்த நகரைத் தானே மீளக் கட்டியதாக எழுதிவைத்தார். பின்னர் பேரரசராகிய அவர், நேரிக் தெய்வத்தின் தாயாகக் கருதப்பட்ட சூரியத் தேவியிடம், உன் மகனின் ஊருக்காக உயிரைப் பணயம் வைத்தேன் என்று சொல்லிக்காட்டி அருள் கேட்டார். பக்தி பாதி, பேரம் பாதி.

இன்று சம்சுன் மாகாணத்தின் வெசிர்கோப்ரு அருகேயுள்ள ஓய்மாஆச் மேடுதான் நேரிக் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2007 முதல் நடந்த அகழ்வில், கோயில் எச்சங்களுடன், நிலத்தடி ஊற்றுக்கு இறங்கும் கற்படிகளும் வெளிவந்தன.