இருட்டறையும் இப்னுல் ஹைதமின் கணக்கும்

2019 டிசம்பர் 26 அன்று முற்பகலில் தமிழகத்தில் கங்கண சூரிய கிரகணம் தென்பட்டது. குஸூஃப் தொழுகையை முடித்துக்கொண்டு முற்றத்திற்கு வந்தபோது வேப்பமர நிழலில் வெளிச்சப் புள்ளிகள் யாவும் பிறைகளாகக் கிடந்தன. இலைகளின் இடைவெளிகள் ஒவ்வொன்றும் சூரியனின் உருவைத் தரையில் இறக்கியிருந்தன. மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இதைப் பார்த்துத்தானே இப்னுல் ஹைதம் கேமராவைக் கண்டுபிடித்தார்?" என்று கேட்டார். நானும் ஆமெனத் தலையசைத்தேன். மீலாது மேடைகளில் பலமுறை நானே கூறிய செய்திதான் அது. அறைக்குத் திரும்பிய பின்னரே அத்தலையசைப்பு உறுத்தத் தொடங்கியது.

நம் மேடைகளில் இரண்டு கூற்றுகள் இணைந்தே வரும். ஒன்று, கேமரா இப்னுல் ஹைதமின் கண்டுபிடிப்பு என்பது. மற்றொன்று, 'கேமரா' என்னும் சொல்லே அரபியிலிருந்து பிறந்தது என்பது. இரண்டாவதை எளிதில் தீர்த்துவிடலாம். 'கமாரா' என்னும் கிரேக்கச் சொல் வளைவுக் கூரையைக் குறிக்கும். அது லத்தீனில் 'கேமரா' என அறையைக் குறிக்கலாயிற்று. 'இருட்டறை' என்னும் பொருளில் 'கேமரா அப்ஸ்கியூரா' என்ற தொடரை 1604-இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் கெப்லர். காஃப், மீம், ரா என்னும் மூலத்திலிருந்து நிலவும் நிலவொளியும் பிறக்குமேயன்றி இருட்டறை பிறப்பதில்லை. அகராதியைப் புரட்டும் பயிற்சியுள்ள நாமே இதைச் சரிபாராமல் பரப்பியது வியப்புக்குரியது.

முதற்கூற்றுக்குச் சற்று விரிவான விடை தேவை. துளை வழியே வரும் கிரகணச் சூரியன் பிறையாக விழுவது இப்னுல் ஹைதமுக்கு நெடுங்காலம் முன்பே அறியப்பட்டிருந்தது. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் வினாநூலொன்றில் அது ஒரு கேள்வியாகவே இடம்பெற்றுள்ளது. எனவே நிகழ்ச்சியைக் கண்டவர் என்பதற்காக நம் அறிஞரைப் பாராட்ட வேண்டியதில்லை. அவர் செய்தது வேறொன்று; அதைப் பெரும்பாலான மேடைகள் சொல்வதே இல்லை.

ஹிஜ்ரி 354 அளவில், அதாவது கி.பி. 965 வாக்கில், பஸராவில் பிறந்து, 1040-ஐ ஒட்டி கெய்ரோவில் மறைந்த அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம், ஏழு பாகங்களைக் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' நூலால் புகழ்பெற்றவர். அந்நூலில் ஒரு சோதனை வருகிறது. இருட்டறையின் துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தால், அறைச்சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகளும் தனித்தனியே தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறையும். ஒரே துளையில் சந்தித்தும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

துளையின் கணக்கு இருப்பதோ 'மகாலா ஃபீ ஸூரத்தில் குஸூஃப்', அதாவது கிரகணத்தின் உருவம் பற்றிய தனிச் சிறுநூலில். சூரிய கிரகணத்தின்போது துளைவழி ஒளி பிறையாக விழுகிறது, பிறைநிலவின் ஒளி அதே துளையில் வட்டமாகவே விழுகிறது, ஏன்? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட வினா. சூரியனின் ஒவ்வொரு புள்ளியும் வட்டத்துளை வழியே திரையில் ஒரு சிறுவட்டத்தை இடுகிறது. அச்சிறுவட்டங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்ததே நாம் காணும் பிறை. துளை பெரிதானால் சிறுவட்டங்களும் பெரிதாகி, பிறையின் உட்குழிவை மூடிவிடும், எஞ்சுவது வட்டம். துளை எவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும் என்பதையும் அவர் பொதுவாகக் கூறி நிறுத்தவில்லை. துளையின் விட்டத்திற்கும் சூரியனின் விட்டத்திற்கும் உள்ள விகிதத்தை, திரையின் தூரத்திற்கும் சூரியனின் தூரத்திற்கும் உள்ள விகிதத்தோடு ஒப்பிட்டு எல்லை வகுக்கிறார். நம் அளவுகளில் சொன்னால், துளையிலிருந்து 1 மீட்டர் தள்ளியுள்ள திரையில் சூரியனின் உரு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் விட்டமுடையது. 1 மில்லிமீட்டர் துளையில் பிறை தெளிவாகத் தெரியும். 2 சென்டிமீட்டர் துளையில் தெரியாது. பிறைநிலவைப் பொறுத்தவரை, சிறுதுளையில் அதன் ஒளி கண்ணுக்குப் புலனாகாத அளவு மெலிந்துவிடும். ஒளி போதவேண்டுமெனத் துளையை அகற்றினால் உரு அழிந்துவிடும்.

இச்சிறுநூல் அக்காலத்தில் லத்தீனுக்குப் போகவில்லை. ஆகவே கெப்லர் 1604-இல் இதே தீர்வைத் தாமாகவே கண்டடைந்தார் என்பதே நேர்மையான கூற்று. கிழக்கில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ தம் 'தன்கீஹுல் மனாழிரில்' இதனைத் திருத்தி விளக்கினார். அந்நூலை 1928 முதல் 1930 வரை அச்சேற்றியது ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் என்பது நம் நாட்டிற்குரிய பெருமை.

இப்னுல் ஹைதமின் இருட்டறையில் உருவைப் பதித்து வைக்கும் பொருள் எதுவும் இல்லை. பதிவு என்பது 19-ஆம் நூற்றாண்டு வேதியியலின் கொடை. ஆனால் துளை சிறுத்தால் ஒளி மெலியும் என்னும் அவருடைய இடர்ப்பாடு, வில்லையில்லாத துளைக் கேமராவில் படம்பிடிப்போருக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. கண்ணால் ஒளியை நெடுநேரம் சேமிக்க இயலாது, பிலிமால் இயலும் என்பதே வேறுபாடு. எனவே அவர் தூரத்தில் செய்த கணக்கை இவர்கள் காலத்தில் செய்கிறார்கள்.

துளைக்கும் பிலிமுக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டர், துளை 0.4 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இதைவிட மிகச் சிறிதாக்கினால் ஒளி வளைந்து பரவி உரு மங்கும். 1891-இல் ரேலே பிரபு இதற்கு ஏற்ற அளவைக் கணித்துள்ளார். 100-ஐ 0.4 ஆல் வகுத்தால் 250. சாதாரண கேமராவில் 16 என்னும் துளை எண்ணுக்குரிய நேரம் தெரியுமானால், 250-ஐ 16 ஆல் வகுத்து வரும் விடையை வர்க்கமாக்க வேண்டும். ஏறத்தாழ 244 மடங்கு. ஐ.எஸ்.ஓ. 400 வேகமுள்ள பிலிமுக்கு நல்ல வெயிலில் ஒரு விநாடியின் 400-இல் ஒரு பங்கு போதும் என்பது பழைய கைக்கணக்கு. ஆகவே துளைக் கேமராவில் 0.6 விநாடி ஆகும். பள்ளிவாசலின் உட்புறத்தில் ஒளிமானி 1 விநாடி காட்டினால், இங்கே 244 விநாடி, சுமார் 4 நிமிடம்.

இங்கேதான் கணக்கு தவறுகிறது. மெல்லிய ஒளி நெடுநேரம் விழும்போது பிலிம் தன் கூர்மையை இழக்கும். வானியலாளர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு விண்மீன்களின் ஒளியைத் தகடுகளில் அளந்தபோது இதை ஆராய்ந்து, 1900-இல் நேரத்தை அடுக்கெண்ணோடு கணிக்கும் விதியை வெளியிட்டார். பிலிமுக்குப் பிலிம் அடுக்கெண் மாறும். இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஹெச்.பி.5 பிலிமுக்கு 1.31. கணித்த 244 விநாடியை அந்த அடுக்கிற்கு உயர்த்தினால் 1,340 விநாடி, அதாவது 22 நிமிடத்திற்கும் மேல். தொழுகை வரிசை நின்று, ருகூஉ, ஸுஜூது செய்து கலைந்திருக்கும். படத்தில் தூண்களும் பாய்களும் மட்டுமே இருக்கும்.

இனி, கண்ணுக்கு எட்டாத அப்பிறைநிலவை பிலிம் பிடித்துவிடுமா என்று பார்த்தேன். 1 மீட்டர் நீளப் பெட்டி, 1 மில்லிமீட்டர் துளை, அதே பிலிம். முழுநிலவுக்கே 20 விநாடி கணக்காகி, திருத்தத்திற்குப் பின் 1 நிமிடத்தை நெருங்குகிறது. பிறையின் பரப்பு அதைவிடப் பல மடங்கு மங்கல். வழக்கிலுள்ள படக்கணக்குப்படி ஏறத்தாழ 7.5 மடங்கு நேரம் கொடுத்தால் திருத்தத்திற்குப் பின் 12 நிமிடம் வருகிறது. வானம் சுழல்வதால் நிலவு தன் விட்டமளவு நகர 2 நிமிடமே ஆகும். ஆகவே பிலிமில் பிறை விழாது. நிலவின் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு நீளமுள்ள ஓர் ஒளிப்பட்டையே விழும். வானின் சுழற்சிக்கு ஈடாகப் பெட்டியையும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தாலன்றி உரு நிலைக்காது. என்னிடம் கேள்வி கேட்ட மாணவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்; நான் தலையசைத்தது தவறு என்பதையும் அதன் கீழேயே எழுதினேன்.