கான்கிரீட்டின் வயிற்றுக்குள் என்ன?

பானை வாங்கப் போனால் நம் வீட்டுப் பெரியவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். 'ணங்' என்றால் நல்ல பானை, 'தொப்' என்றால் கீறல். கான்கிரீட்டையும் வெகுகாலம் அப்படித்தான் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஒரு தடவை பூச்சு வேலை முடிந்து பெயிண்ட் அடித்துவிட்டால் உள்ளே இருக்கிற குறையெல்லாம் மறைந்துவிடுமே! லேபில் நாம் உடைத்த க்யூப் கலவையின் பலத்தைச் சொல்லும். தூணுக்குள் கலவை ஒழுங்காக இறங்கியதா என்று சொல்லாது. உடைக்காமல் அதைக் கண்டுபிடிக்க முயன்றவர்களின் கதை இது.

1948-ல் சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் செய்ததுதான் நாம் எல்லோரும் லேபில் அமுக்கிப் பார்த்த ரீபவுண்ட் ஹாமர். ஸ்பிரிங் விசையில் மோதும் எடை எவ்வளவு தூரம் துள்ளித் திரும்புகிறது என்று அளக்கிறது. கைக்கு அடக்கம், விலையும் மலிவு. ஆனால் அது தோலை மட்டுமே பார்க்கும். பழைய கட்டடத்தில் காற்றிலுள்ள கரியமில வாயுவால் மேல்தோல் இறுகி, எண் கூடுதலாகக் காட்டும். அதை நம்பினால் போச்சு!

ஆழத்தைப் பார்க்க ஒலி வந்தது. அணைகளில் விழுந்த வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று அறிய, கனடாவின் ஒன்டாரியோ மின்வாரியத்தில் லெஸ்லி, சீஸ்மன் என்ற இருவர் 'சோனிஸ்கோப்' கருவியை உருவாக்கி 1949-ல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ அதே சமயம் இங்கிலாந்தில் ஜோன்ஸ் என்பவரும் இதே வழியில் வெற்றி கண்டார். கணக்கு சுலபம். 300 மி.மீ. தூணை ஒலித்துடிப்பு 75 மைக்ரோ செகண்டில் கடந்தால் வேகம் வினாடிக்கு 4 கி.மீ. உள்ளே ஓட்டை இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு போகும். 100 மைக்ரோ செகண்ட் ஆனால் வேகம் 3 கி.மீ.தான். 1992-ல் வந்த நம் ஐ.எஸ். 13311, 3.5-க்கு மேல் 'நன்று', 3-க்குக் கீழ் 'சந்தேகம்' என்று வகுத்தது. (அது இப்போது ஐ.எஸ். 516-ன் ஐந்தாம் பகுதிக்குள் சேர்ந்துவிட்டது.)

சரி, கம்பி? கலிபோர்னியாவில் உப்புநீர் விரிகுடா மேல் 1929-ல் கட்டிய சான் மேடியோ–ஹேவர்ட் பாலத்தில் கம்பிகள் துருப்பிடித்தன. நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்த ஸ்ட்ராட்ஃபுல் 1950-களில் அங்கே கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து, துரு எங்கே நடக்கிறது என்று வரைபடமே போட்டார். தாமிர சல்பேட் மின்முனையில் -350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. இந்த 'ஹாஃப் செல்' முறை 1977-ல் அமெரிக்கத் தரமுறையாயிற்று.

இத்தனை இருந்தும் 1985 டிசம்பர் 4 அன்று வேல்ஸில் இனிஸ்-இ-க்வாஸ் பாலம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தது. 1953-ல் கட்டிய பிரிஸ்ட்ரெஸ் பாலம். துண்டுகளின் இணைப்பு வழியே உப்பு இறங்கி, இழுவைக் கம்பிகளைத் தின்றிருந்தது. ஏழே மாதத்தில், 1986 ஜூலை 5 அன்று, கோவாவில் 1970-ல் திறந்த மாண்டவி பாலமும் விழுந்தது. அங்கேயும் உள்ளே இருந்த கம்பிதான் அரித்துப் போயிருந்தது.

அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்காவில் கரினோவும் மேரி சான்சலோனும் 'இம்பாக்ட் எக்கோ' முறையை உருவாக்கினார்கள். சின்ன எஃகுக் குண்டால் தட்டி, எதிரொலியின் அதிர்வெண்ணை அளப்பது. ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால் போதும். 200 மி.மீ. ஸ்லாபில் சுமார் 10,000 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 20,000 வந்தால், பாதி ஆழத்திலேயே ஒரு பிளவு இருக்கிறது என்று அர்த்தம். கிரவுட் நிரம்பாத குழாயைத் தேடவும் இது உதவுகிறது.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே! ஹாமர் தோலைச் சொல்லும், ஒலி உடம்பைச் சொல்லும், ஹாஃப் செல் துருவைச் சொல்லும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. நாளைக்கு ஒரு பழைய கட்டடம் பத்திரமா என்று உங்களிடம் கேட்பார்கள். ஒரே கருவியின் எண்ணை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டு, மூன்று முறைகளில் பாருங்கள்; சந்தேகமான இடத்தில் ஒரு கோர் எடுத்துச் சரிபாருங்கள். அந்தக் கூரைக்குக் கீழே குடும்பங்கள் தூங்குகின்றன.